ஆட்டுத் தொட்டித் தண்ணீர்

திருத்தணியில் என்னைப் படுக்க வைத்திருந்த அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும். காற்றுப் பட்டால் பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகாதாம். ஜன்னலையும் சாத்தத்தான் பார்த்தார்கள். சாத்தினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன் என்று சொன்னேன். நான் சொன்னால் செய்கிறவள் என்பது அதற்குள் அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்ததால் ஜன்னலை விட்டுவிட்டார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. ஊரே ஓடினாலும் ரயில்வேக்காரன் ஓட முடியாது. நான் நிறைமாதக்காரி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம், ஆனால் எனக்கு அம்மா இல்லை. ஆகவே கணவரின் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் வீட்டுக்காரருக்கு மலையடிவாரத்தில், படிக்கட்டு தொடங்குகிற இடத்தில், தேங்காய், பழம், கற்பூரம் விற்கிற கடை. என் கணவர் அவரை பாவா என்பார். எனக்கு அண்ணன் முறை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிறந்த இரண்டும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன என்று கணவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அக்கா எதிரில் அந்தப் பேச்சை எடுத்துவிடாதே என்றும் சொல்லியிருந்தார். எனக்கு வாய் நீளம்தான், ஆனாலும் அந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை.

கத்திரி வெயிலில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி கையைக் கழுவும்போதே சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். தலைக்குத் துணி கட்ட வேண்டும், காதில் பஞ்சு வைக்க வேண்டும், சுட்ட கருவாடும் பூண்டுக் குழம்பும்தான் சாப்பாடு, காலையில் வெறும் வயிற்றில் மிளகும் திப்பிலியும் போட்ட மருந்து. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசியாக ஒன்று சொன்னாள்.

"தண்ணி மட்டும் குடுத்துடாதம்மா. பச்ச ஒடம்பு, தண்ணி ஏறிச்சின்னா ஜன்னி வந்துடும். காலைல ஒரு டம்ளரு, சாய்ங்காலம் ஒரு டம்ளரு, சுக்கு தட்டிப் போட்டு குடு. அதுக்கு மேல கேட்டா நீ காது குடுக்காத."

"ஆங், எனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி.

அந்த டம்ளர் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? கோயில் தீர்த்தம் கொடுக்கிற கிண்ணத்துக்கு அக்கா முறை, அவ்வளவுதான். பூண்டும் மிளகும் உள்ளே எரிய, கத்திரி வெயில் வெளியே எரிய, நான் நடுவில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் கேட்டால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கெஞ்சினால் எழுந்து போய்விடுவாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிள்ளை இல்லாதவளுக்குப் பெற்றவள் படுகிற பாடு எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

தாகம் எடுத்தவளின் கண் தண்ணீர் இருக்கிற பக்கம்தானே போகும்? ஜன்னலுக்கு வெளியே கொல்லைப்புறம். அங்கே ஒரு கிணறு, அதை ஒட்டி ஆட்டுக்கென்று ஒரு கல்தொட்டி, கொஞ்சம் தள்ளி வேப்பமரம், அதன் அடியில் பழைய ஆட்டுக்கல் ஒன்று குழியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாறையும் புதருமாக மலை ஆரம்பித்துவிடும். நாள் முழுக்க நான் பார்த்ததெல்லாம் இந்த மூன்று தண்ணீரையும், அவற்றைத் தேடி வந்தவர்களையும்தான்.

அண்ணியின் வெள்ளாடு என் பெண் பிறந்த அதே வாரம் இரட்டைக் குட்டி போட்டிருந்தது. விறகுக் குவியலுக்குள் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. மலைக்குரங்குகளில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. வெயில் ஏறியதும் மற்ற குரங்குகள் அண்ணன் கடையில் வாழைப்பழம் திருடப் போய்விடும். இவள் மட்டும் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு பின்சுவரில் வந்து உட்காருவாள். ஆக, வெளியே கொல்லையில் பிள்ளை பெற்றவர்கள் மூன்று பேர், உள்ளே ஒருத்தி.

நான் எட்டாவது வரை படித்தவள். விஞ்ஞானப் பாடத்தில் பாலூட்டிகள் என்று ஒரு பாடம். உடம்பில் ரோமம் இருக்கும், ரத்தம் சூடாக இருக்கும், குட்டி போடும், பால் கொடுக்கும். இவ்வளவையும் மனப்பாடமாக ஒப்பித்தால் மார்க்கு. அந்தப் பட்டியலில் வௌவாலும் திமிங்கிலமும் இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திமிங்கிலம் கடலுக்குள் எப்படிப் பால் கொடுக்கும், உப்புத் தண்ணீர் கலந்துவிடாதா என்று எழுந்து நின்று கேட்டேன். டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. உட்கார் என்றார். உட்கார்ந்தேன், ஆனால் கேள்வி உட்காரவில்லை. பட்டியலின் கடைசியில் மனிதன் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

புத்தகத்தில் படித்துச் சிரித்ததை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை, வியப்பாக இருந்தது. ஆட்டுக்குட்டி பிறந்த அன்றைக்கே நாலு காலையும் அகட்டி நின்று, ஆடி ஆடிப் போய் மடியை முட்டுகிறது. நாய்க்குட்டிக்கோ கண்கூடத் திறக்கவில்லை, இருந்தும் மூக்கை வைத்தே தாயின் வயிற்றைக் கண்டுபிடித்துவிடுகிறது. குரங்குக் குட்டி இன்னும் கெட்டிக்காரி. பிறந்த கையோடு தாயின் ரோமத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தாய் சுவருக்குச் சுவர் தாவினாலும் வாயை எடுப்பதில்லை. அதிலும் ஒரு வேடிக்கை, குரங்குக்கு மார்க்காம்பு இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதால் குட்டி இரண்டையும் சேர்த்து ஒரே வாயில் கவ்விக்கொள்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று உற்சாகத்தில் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிள்ளை பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

ஆட்டுக்கு இரண்டு காம்பு, மாட்டுக்கு நாலு, நாய்க்கு வயிறு நெடுக வரிசை. ஆடு பின்னங்கால் நடுவில் வைத்துக்கொண்டிருப்பதைக் குரங்கு நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறது, என்னைப் போலவே. ஒரே காரியத்துக்கு ஏன் இத்தனை விதம் என்று படுத்தபடியே யோசிப்பேன். யோசித்துக்கொண்டிருந்தால் தாகம் கொஞ்சம் மறக்கும்.

இந்த யோசனையெல்லாம் முதல் சில நாட்களுக்குத்தான். அதற்குள் என் பெண் இளைக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் அழுதாள். மார்பில் போட்டால் வெறி பிடித்தாற்போல இழுப்பாள். கொஞ்ச நேரத்தில் வாயை எடுத்துவிட்டு முகம் சிவக்கக் கத்துவாள். அப்புறம் கத்துவது குறைந்தது. கத்துவது குறைந்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. தொடையில் தோல் தொளதொளவென்று சுருங்கிவிட்டது. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. எனக்குப் பால் இல்லை. பிழிந்து பார்த்தால் ஒரு சொட்டு, அதுவும் யோசித்து யோசித்து வந்தது. பதினெட்டு வயசில் நான் எதற்கும் அப்படிப் பயந்ததில்லை. குண்டு விழும் என்று பட்டணமே நடுங்கியபோதுகூட எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

அண்ணி சும்மா இருந்தாள் என்று சொன்னால் அது பொய். பால் சுரக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தாள். முருங்கைக்கீரை, இன்னும் பூண்டு, இன்னும் கருவாடு. யாரிடமோ சொல்லிப் பட்டணத்திலிருந்து பால்சுறாக் கருவாடு வரவழைத்தாள். நான் அப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, சுறா மீன்தானே? மீனுக்கே பால் கிடையாது. அது எனக்கு எப்படிப் பால் குடுக்கும்?"

"பேரே பால்சுறா. துன்னும்மா, பேசாத."

தின்றேன். உப்பும் காரமுமாக அது இறங்கியதும் தாகம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடைச் சங்கால் புகட்டினார்கள். குழந்தை அத்தனையும் கக்கியது. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், வயிற்றால் போனது. பிறகு கழுதைக்காரம்மா ஒருத்தி தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். பிறந்த குழந்தைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான்.

"கய்தப் பாலு குட்சா கொயந்தைக்கு ஒரு நோவும் அண்டாதும்மா. கொரலு கணீர்னு வரும்" என்றாள்.

எனக்குக் கழுதையைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். கொல்லை வழியாக ஜன்னல் அருகே ஓட்டி வந்தாள். குட்டியை முதலில் முட்டவிட்டு, பால் இறங்கியதும் குட்டியை முழங்காலால் தள்ளிவிட்டு, சங்கிலேயே நேராகக் கறந்தாள். தண்ணீர் மாதிரி நீர்த்த பால். என் மகள் அதைக் குடித்தாள். கக்கவில்லை. பல நாளுக்கு அப்புறம் அன்றைக்குக் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கழுதையை இங்கேயே கட்டிவிட்டுப் போ என்று கழுதைக்காரம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். கழுதை கறப்பதே ஒரு சங்கு இரண்டு சங்கு, குட்டிக்கு வேண்டாமா, ஊர் ஊராகப் போகிறவளாயிற்றே, மறுபடி இந்தப் பக்கம் வர எத்தனை நாளாகுமோ என்றாள். போகும்போது கழுதை எங்கள் தொட்டியில் வாயை வைத்தது. தொட்டி காலியாகிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை.

அதற்கடுத்த நாளோ என்னவோ, வேப்பமரத்தின் அடியில் ஒரு பழந்தின்னி வௌவால் விழுந்து கிடந்தது. அண்ணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்குப் பழைய பாடம் ஞாபகம் வந்துவிட்டது. கொல்லாதீர்கள், கொல்லாதீர்கள், கிட்டக் கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். அன்றைக்கு வீட்டுக்கே சாப்பிட வந்திருந்த அண்ணன்தான் சிரித்துக்கொண்டே அதை ஒரு குச்சியில் தொற்ற வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"பாரு தங்கச்சி, நல்லா பாரு. வேற எந்த வீட்லயும் பிள்ள பெத்தவளுக்கு வௌவா காட்ட மாட்டாங்க."

நாய்க்கு இருப்பது போல முகம், மெத்தென்று செம்பட்டை ரோமம், காது, பல். இறக்கையைத் தவிர அதில் பறவை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த இறக்கைக்குள் என்னமோ அசைந்தது. அண்ணன் குச்சியைத் திருப்பினார். உள்ளே குட்டி! தாயின் அக்குளுக்குக் கிட்டே வாயை வைத்துக்கொண்டு, இவ்வளவு அமளியிலும் விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னது நிஜம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மழையும் வெயிலும் பார்க்காமல் ஆகாயத்தில் பறக்கிற ஒன்று, கண் திறக்காத குட்டிகளோடு விறகுக்குள் கிடக்கிற ஒன்று, சுவரில் உட்கார்ந்திருக்கிற ஒன்று, பாயில் படுத்திருக்கிற நான், எல்லாருக்கும் வேலை ஒன்றுதான்.

"இது தண்ணி குடிக்குமாண்ணா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது எதைப் பார்த்தாலும் அந்த ஒரு கேள்விதான் வாயில் வரும்.

"குடிக்காம? பொழுது சாயற நேரத்துல கொளத்துப் பக்கம் போய்ப் பாரு. பறந்துகினே வந்து வயித்தத் தண்ணில தோச்சிகினு போவும். அப்பறம் மரத்துல தொங்கிகினு அந்த ஈரத்த நக்கும். இறங்கி நின்னு குடிக்கத் தெரியாது, ஆனா குடிக்காம இருக்காது."

வௌவாலை வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டார். சாயந்திரம் பார்த்தபோது கிளை காலியாக இருந்தது. குளத்துக்குத்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குழந்தை மார்பைத் தேடவே இல்லை. வாயில் வைத்தால் வைத்தபடி கிடந்தாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று அண்ணியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அண்ணி உள்ளே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை, இரண்டுமுறை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அப்படியே கொல்லைக்குப் போய்விட்டாள்.

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணி இறைத்து இறைத்து ஆட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. அண்ணி கயிற்றை இழுத்துக்கொண்டே பதில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இன்னா பண்றது? குட்டி போட்ட ஆடு. தண்ணி காட்டலன்னா பால் எங்கேர்ந்து சொரக்கும்?"

நான் படக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.

இத்தனை நாள் கண் முன்னால் நடந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் வரிசையாக வந்து நின்றது. குட்டி போட்ட நாய் குட்டிகளை உதறிவிட்டு ஓடி வருவது ஆட்டுக்கல் தண்ணீருக்குத்தான். குரங்கு சுவரில் வந்து உட்காருவது எனக்கு வேடிக்கை காட்ட இல்லை. அண்ணி அந்தண்டை போனதும் இறங்கி வந்து, குட்டி தொங்கத் தொங்கக் குனிந்து, ஆட்டுக்கல்லில் குடித்துவிட்டுப் போவாள். கழுதை தொட்டியைக் காலி செய்தது. நிற்கத் தெரியாத வௌவால் வயிற்றை நனைத்தாவது குடிக்கிறது. பால் கொடுக்கிற அத்தனை பேரும் குடிக்கிறார்கள். எனக்குத்தான் வேளைக்கு ஒரு டம்ளர், அதுவும் சுக்குப் போட்டு.

அண்ணி தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது, தலை சுற்றியது. கிணற்றில் இறைக்க உடம்பில் வலு இல்லை. ராட்டினம் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். தொட்டியில் காலையில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் நிழலில் குளிர்ந்து கிடந்தது. ஆடு குடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மண்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளினேன். கை பற்றவில்லை. குனிந்து வாயையே வைத்துவிட்டேன். ஆடு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்து கொண்டது. அந்தத் தண்ணீரின் ருசி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் நாக்கில் இருக்கிறது. அதில் ஆட்டு வாசனை அடித்தது. அமிர்தமாக இருந்தது.

"அடிப்பாவி! இன்னா பண்ற நீ?"

பின்கதவில் அண்ணி. தூக்கு கையிலிருந்து விழுந்து உருண்டது. நான் அவசரமாக இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"தண்ணி குடிக்கறேன் அண்ணி."

"ஆட்டுத் தொட்டிலயா?"

"நீங்க டம்ளர்ல குடுக்கலியே."

"அது ஆடு. நீ இன்னா ஆடா?"

"பால் குடுக்கற வரைக்கும் நானும் ஆடுதான் அண்ணி. நாயி குடிக்குது, கொரங்கு குடிக்குது, கழுத குடிச்சுட்டுப் போச்சு, வௌவா குடிக்குதுன்னு அண்ணன் சொல்றார். தண்ணி காட்டலன்னா பால் எங்கேர்ந்து சொரக்கும்னு காலைல நீங்கதான கேட்டீங்க? எனக்கு மட்டும் எங்கேர்ந்து சொரக்கும்? அவ உள்ள செத்துகினு இருக்கறா அண்ணி!"

செத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்ன பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணிக்கும் ஆவேசம் வந்துவிட்டது.

"எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? ரெண்டு பெத்தவ நானு! ரெண்டு வாட்டியும் பத்தியத்துல ஒரு நூல் பெசகல. நாக்கு ஒட்டிக்கும், மேல்வாய்ல. அப்பக்கூட அந்த டம்ளருக்கு மேல ஒரு மொடக்கு கேட்டதில்ல நானு. ஒரு மொடக்கு..."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, உருண்டு கிடந்த தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்ப் பாயில் படுத்தேன்.

அன்று முழுக்க வீடு ஜன்னிக்காகக் காத்திருந்தது. மருத்துவச்சி வந்து இரண்டு கையையும் விரித்துவிட்டு, இனிமேல் என்னைக் கேட்காதே என்று போனாள். அண்ணி வந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எனக்கும் உள்ளூர உதறல்தான். ஒருவேளை மருத்துவச்சி சொன்னதுதான் சரியோ, நான் புத்தகத்தையும் குரங்கையும் நம்பிக் கெட்டுவிட்டேனோ என்று படுத்திருந்தேன். காய்ச்சல் வரவில்லை. விடிந்தபோது பாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரிய செம்பு நிறையச் சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற்றிய தண்ணீர் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. குடித்தேன். காலியானதும் மறுபடி நிறைந்து வந்தது. அண்ணி வைத்துவிட்டுப் போவாள், நான் குடிப்பேன். இடையில் தன் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் ஒற்றி ஒற்றி எடுப்பாள். பாலாடையால் சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் விடுவாள்.

தண்ணீரால்தான் எனக்குப் பால் வந்ததா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த முருங்கைக்கீரையாக இருக்கலாம். எந்நேரமும் குழந்தையை மார்பில் போட்டே வைத்திருந்ததாக இருக்கலாம். பால்சுறாவாகக் கூட இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதன்மேல் விரோதம் இல்லை. ஆனால் செம்பு வந்து சில நாட்களில், கொல்லையில் ஆட்டுக்குட்டி தாயைக் காணாமல் கத்தியபோது, என் மார்பில் ஊசி குத்தினாற்போல ஒரு கூச்சம் ஓடியது. குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்திருந்தது. ஆட்டுக்குட்டிக்கும் என் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத உடம்பு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குழந்தையை எடுத்துப் போட்டேன். முதலில் சும்மா கிடந்தாள். வாயில் இறங்கியதும் ஒருமுறை விழுங்கினாள். பிறகு இன்னொருமுறை. பிறகு கையை மூடிக்கொண்டு, புருவத்தைச் சுளித்துக்கொண்டு, மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தாள். கடைவாயில் பால் வழிந்தது. நான் "அண்ணி" என்று கத்தினேன்.

அண்ணி செம்போடு ஓடி வந்தாள். கதவருகே நின்று பார்த்தாள். அப்புறம் மெல்ல வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தை விழுங்குகிற சத்தம் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. அண்ணியின் கண் குழந்தையின் தொண்டை ஏறி இறங்குவதிலேயே இருந்தது. ஒரு பக்கம் குடித்து முடித்து, மறுபக்கமும் குடித்துவிட்டு, என் மகள் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். வழிந்த பாலை அண்ணிதான் விரலால் துடைத்தாள்.

செம்பை என்னிடம் நீட்டினாள். நான் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"எனக்கும் தாகமாத்தான் இருந்துச்சும்மா, அப்போ" என்றாள் அண்ணி.

குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ஏதோ முந்தாநாள் நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, தலையை அண்ணாந்து, நடுவில் மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.